மஞ்சள் பென்சில் வீட்டுக்கு வரவில்லை

போன தை மாதம் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, எங்கள் சமையலறைத் தண்ணீர் அவர் வீட்டுக் கூரையில் இறங்குகிறது என்றார். மந்தைவெளியில் நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடி. சுவருக்குள் ஓடும் குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. வந்து பார்த்த மேஸ்திரி, ஒட்டுப்போட்டுப் பிரயோஜனமில்லை, தரையோடு மேடையோடு இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான் என்றார். அன்று மாலை வேலையிலிருந்து வந்த என் மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ப்ளான் நான் போடறேன்ப்பா" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாக அவள் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அதற்குக் காரணம் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தி. நகரில் ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் முப்பத்தொரு வருஷம் வரைபடங்களைச் சரிபார்த்தேன். செக்கர் என்று சொல்வார்கள். இன்னொருவர் வரைந்த படம் என் மேஜைக்கு வரும். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் நான் கூட்டிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதன்மேல் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு, தவறாக இருந்தால் சிவப்பு வட்டம். வேலையில் சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி ஒரு விதி சொன்னார். நிறம் படாத எண் பார்க்கப்படாத எண். அது சரியாகவே இருந்தாலும், மஞ்சள் இல்லையென்றால் நீ உன் வேலையைச் செய்யவில்லை. ஆகவே ஒரு நல்ல படம் என் மேஜையிலிருந்து போகும்போது மஞ்சள் பூத்துப்போய், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்போடு இருக்கும். மாதம் இரண்டு மஞ்சள் பென்சில் தீரும். சிவப்பு அரை வருஷம் வரும்.

வீட்டில் நான் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன் என்று அர்த்தமில்லை. அது கண்ணிலேயே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கூட்டில் தேங்காய் ஒரு பக்கமாகக் கிடப்பது தெரியும். மகளின் பள்ளிச் சீருடையில் இரண்டு மடிப்புகள் சமமாக இல்லாதது தெரியும். தெரிந்ததைச் சொல்வேன். கத்த மாட்டேன். சாதாரணக் குரலில், ஒரு தகவல் போலச் சொல்வேன். கத்தியிருந்தால் அவர்கள் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். தகவலுக்கு யார் பதில் சொல்ல முடியும்? சரியாக இருந்ததைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை. சரியாக இருப்பது இயல்பு, அதைப் போய்ச் சொல்வார்களா என்று நினைத்தேன்.

எனக்கும் அதே அளவுகோல்தான் என்பது என் நியாயமாக இருந்தது. என் மண்டைக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நான் கையெழுத்துப் போட்டால், போன தடவை போட்டது மாதிரி இல்லையே என்பான். யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அதை இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று படுக்கும்வரை நச்சரிப்பான். நான் ஓய்வு பெற்ற அன்று பிரிவுபசாரத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பின்னால் கட்டியிருந்த துணிப் பதாகையின் இடது மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தன்னையே விட்டுவைக்காதவன் மற்றவர்களை எப்படி விடுவான் என்று இதை நான் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என்னிடம் நான் காட்டிய கடுமைக்கு எனக்குச் சம்பளம் கிடைத்தது, மரியாதை கிடைத்தது. வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் மனைவி வீட்டு வேலை செய்யும்போது மெல்லிய குரலில் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். என் சாவி பூட்டில் திரும்பும் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். கதவுக்கு வெளியே நின்று அது நிற்பதை எத்தனையோ சாயங்காலங்களில் கேட்டிருக்கிறேன். ஏன் நிற்கிறது என்று ஒரு முறை யோசித்திருக்கலாம். ஆறு வருஷம் முன்பு அவள் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, கையில் ஊசி குத்தியிருந்த இடத்தில் பிளாஸ்திரி கோணலாக ஒட்டியிருப்பதை நர்ஸிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே என் மனைவி, "இன்னிக்காவது விடுங்களேன்" என்றாள். அதற்குப் பிறகும் பேசினாள். ஆனால் என்னிடம் அவள் கேட்டுக்கொண்ட கடைசி விஷயம் அதுதான்.

மகளின் கதைக்கு வருகிறேன். அவள் கட்டிடக் கலை படித்தாள். ஐந்தாம் வருஷம் முடிவில் மாணவர்கள் தாங்களாகவே ஒரு கட்டிடத்தை வடிவமைத்துத் தர வேண்டும். அவள் சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்கு ஒரு மீன் அங்காடி வரைந்தாள். நாலு மாதம் விடிகாலையில் பஸ் பிடித்துப் போய், மீன் விற்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, சட்டையில் மீன் வாசனையோடு கல்லூரிக்குப் போனாள். மொத்தம் பதினோரு தாள்கள். ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில் அவற்றைக் கூடத்துத் தரையில் வரிசையாக விரித்துவிட்டு, "சும்மா பாருங்கப்பா" என்றாள்.

சரிபார்க்கச் சொல்லவில்லை. பார்க்கத்தான் சொன்னாள்.

நான் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். நகலில்கூட இல்லை, கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய அந்தத் தாள்களிலேயே வட்டம் போட்டேன். ஒரு தாளில் வடக்குக் குறி இல்லை. இன்னொன்றில் படிகளின் எண்ணிக்கை மேலிருந்து பார்க்கும் படத்தோடு ஒத்துப்போகவில்லை. இப்படிப் பத்தொன்பது இடம். நாலாவது தாளில் கடைகளின் அகலங்களையும் சுவர்களின் கனத்தையும் கூட்டிப் பார்த்தேன். மொத்த நீளத்தோடு நாலரை அங்குலம் இடித்தது. அங்கே மட்டும் இரண்டு சுற்று வட்டம் போட்டேன். காபி கொண்டுவந்த என் மனைவி தரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றாள். நான் அந்த இரட்டை வட்டத்தைத் தட்டிக் காட்டி, "கூட்டல்கூட வராதவளுக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" என்றேன்.

மகள் தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். அன்று அவள் கல்லூரிக்குப் போகவில்லை. திருத்திவிட்டுக் கொடுக்கிறேன் என்றாள். ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள், பிறகு ஒரு வருஷம் தந்தார்கள். முதல் தாளையே மறுபடி மறுபடி வரைந்து கிழித்துக்கொண்டிருந்தாள். பட்டம் வாங்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும்விட வெட்கமானது இது. அந்தப் படங்கள் நன்றாக இருந்தன. அங்காடியின் கூரையை அவள் இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவில் கடல் காற்று புகுந்து போக வழி விட்டிருந்தாள். விற்கும் பெண்கள் மேற்கு வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி கடைகளைத் திருப்பியிருந்தாள். முழங்காலில் இருந்தபடியே, இது இவளுக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு நிமிஷம் நான் அசந்து போனேன். அந்த ஒரு நிமிஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. பாண்டி பஜார் பக்கம் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. அவளோடு படித்தவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் தரைக்கல் பார்க்க வருகிறார்கள். இவள் எடுத்துக் காட்டுகிறாள். கடையில் ஒரு தளத்துக்குப் பொறுப்பாளராக இருக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் மறுத்துவிட்டாள். எனக்குச் செய்தி அனுப்பினால்கூட, எழுதுகிறாள் என்று போனில் வெகுநேரம் காட்டும், பிறகு ஒன்றும் வராது. எழுதி எழுதி அழிக்கிறாள். என் மண்டைக்குள் இருந்தவனுக்கு ஒரு நகல் எடுத்து அவளுக்குள் குடிவைத்துவிட்டேன். அவளிடம் அவன் என் குரலில் பேசுகிறான். அதுதான் வித்தியாசம்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருஷமாக அவள் சனிக்கிழமைகளில் அடையாறில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வருகிறாள். ஒரு தடவை என்னையும் வரச் சொன்னார்கள். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். இந்த வாரம் உங்கள் மகள் நன்றாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்றார். சுலபமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை ரசம் வைத்தாள், நன்றாக இருந்தது, ஆனால் உப்பு என்று ஆரம்பித்து நிறுத்தினேன். என் மருந்துகளை வாங்கி வந்தாள், ஆனால் ஒன்று என்று ஆரம்பித்தேன்.

"சார், 'ஆனா' இல்லாம ஒண்ணு சொல்லுங்க. டைம் எடுத்துக்கோங்க, பரவாயில்ல" என்றார் அந்தப் பெண்.

நான் யோசித்தேன். எனக்கு வாக்கியம் வரவில்லை. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் பெண் நிறையப் பேசினார். உள்ளே இருக்கும் அந்தக் குரல் நம்மைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் குறை சொல்கிறது, அதோடு மல்லுக்கு நிற்காமல், கேட்டாயிற்று போ என்று அனுப்பப் பழக வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நல்ல பேச்சு. திரும்பி வரும்போது ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறியது. பாலத்தின்மேல் மகள் சொன்னாள்: "அஞ்சு நிமிஷம் டைம் குடுத்தாங்கப்பா."

அன்று ஒரு முடிவு எடுத்தேன். இனி குறை சொல்வதில்லை. குரலை அடக்குவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நான் புரிந்துகொண்டேன். படித்தவன்தான், ஆனாலும் அவ்வளவுதான் எட்டியது.

அந்த நிலையில்தான் அவள் சமையலறைக்கு ப்ளான் போடுகிறேன் என்றாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்தாள். டேப்பை வைத்து அவள் சுவர்களை அளப்பதை நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நாலு நாள் வரைந்தாள், ஐந்தாம் நாள் கிழித்தாள். மறுபடி வரைந்தாள். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது. அவர் கையில் இந்தத் தாள் போய்ச் சேருமா, இல்லை இதுவும் இன்னொரு பதினோரு தாளாகிவிடுமா என்பது மட்டும்தான் அப்போது என் கவலை.

சனிக்கிழமை காலை அவள் தாளை என் முன்னால் வைத்தாள். அரை நிமிஷத்தில் என் கண் ஒரு இடத்தில் போய் நின்றது. சமையலறைக் கதவு உள்பக்கம் திறக்கும்போது ஃப்ரிட்ஜின்மேல் போய் இடிக்கும். மற்றதெல்லாம் கச்சிதம். நான் தலை நிமிர்ந்து, "நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எழுபத்தாறு வயதில் முதல் முறையாக ஒரு குறையை விழுங்கியிருக்கிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமிதம். அவள் தாளை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதையும் நான் கவனித்தேன், கவனித்துவிட்டு ஒதுக்கினேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். ஐம்பது தாண்டியவர், காதில் செருகிய பென்சில். தாளை வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சோக்கா கீதும்மா. சிங்க்க ஜன்னலாண்ட தள்ளிக்கினு போயிருக்க பாரு, அது மேட்டரு. இந்தக் கதவு மட்டும் ஃப்ரிட்ஜுல போய் முட்டும். அந்தாண்ட தொறக்கற மாதிரி மாத்திக்கலாம்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பார்த்த அந்த முகம் இதோ வரப்போகிறது என்று மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா" என்றாள். சிரித்தாள்.

"சிரிக்கறியேம்மா. தப்பே இல்லாம ப்ளான் போட்டுக் குடுத்துட்டா அப்பறம் மேஸ்திரிக்கு இன்னா வேல?" என்றார் அவர். அவள் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, நின்றபடியே சுவரில் தாளை வைத்து, கதவைத் திருப்பிப் போட்டாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை. மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "இன்னா சார், நீயும் இந்த லைன்ல இருந்தவருன்னு பொண்ணு போன்ல சொல்லிச்சு. உன் கண்ணுல படலியா?" என்றார்.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். போன வருஷம்தான் கண்புரை அறுவை செய்துகொண்டேன். கூட்டிக்கொண்டு போய் வந்தவளே அவள்தான்.

மேஸ்திரி இறங்கிப் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

எனக்குப் பதில் இருந்தது. உன்னைப் புண்படுத்தக் கூடாதென்று. அதைச் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்: "அப்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அது?"

"அதுவும் நிஜம்தான்."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாரோ ஒரு மேஸ்திரி, அவளை முதல் முறையாகப் பார்க்கிறவர், நல்லதையும் தப்பையும் ஒரே மூச்சில் சொன்னார், அவள் இரண்டையும் நம்பினாள். நான் முதலில் நாற்பது வருஷம் தப்பை மட்டும் சொன்னேன், பிறகு ஒரே ஒரு நாள் நல்லதை மட்டும் சொன்னேன், அதையும் பொய்யாக்கிக்கொண்டேன்.

பதிலுக்கு அலுவலகத்து விதியைச் சொன்னேன். மஞ்சள், சிவப்பு. இத்தனை வருஷத்தில் அவளிடம் அதைப் பற்றிப் பேசியதேயில்லை. பாதி வரை நின்றுகொண்டே கேட்டவள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கலரே போடாத நம்பர்?" என்று கேட்டாள்.

"அதை நான் இன்னும் பாக்கலைன்னு அர்த்தம்."

சரி என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் இடிக்க ஆரம்பித்தார்கள். அன்று அவள் விடுப்பு எடுத்திருந்தாள். முதலில் சமையலறைப் பரணைக் காலி செய்ய வேண்டும். மேஸ்திரி ஏணியில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக இறக்கினார். இட்லிப் பானை, அடி நசுங்கிய குத்துப்போணி, பழைய மிக்ஸி. கடைசியில் நீளமாக ஒரு சுருள், என் மனைவியின் நைலக்ஸ் புடவையில் சுற்றி நாடா போட்டுக் கட்டியது. அந்தப் பதினோரு தாள்களை மகள் என்றோ தூக்கிப் போட்டுவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். தூக்கிப் போட்டதை அம்மா எடுத்துக் கட்டி வைத்தது அவளுக்கும் தெரியாது போலும், அந்தப் புடவையைப் பார்த்தபடி நின்றாள்.

"இத இன்னாம்மா பண்றது? பழைய பேப்பர்காரனாண்ட போட்டுடலாமா?" என்றார் மேஸ்திரி.

"அப்பாகிட்ட குடுங்க" என்றாள் மகள். "அவர் இன்னும் செக் பண்ணி முடிக்கலை."

மேஸ்திரி அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் மயிலாப்பூருக்கு நடந்துபோய், தெற்கு மாடவீதிப் பக்கம் ஒரு கடையில் மஞ்சள் பென்சில் கேட்டேன். தனியாக விற்பதில்லை என்றார்கள். பன்னிரண்டு நிறம் கொண்ட பெட்டி வாங்கினேன். சமையலறையில் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கூடத்து மேஜையில் முதல் தாளை விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தேன். அதிலிருந்த சிவப்பு வட்டங்கள் மங்காமல் இருந்தன. முதல் மஞ்சளை அந்தக் கூரையின்மேல் போட்டேன். கோடு கோணலாகப் போயிற்று. உள்ளே இருப்பவன் உடனே, கோணல் என்றான். பார்த்தேன், போ என்று சொல்லிப் பார்த்தேன். போகவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அடுத்த எண்ணுக்குப் போனேன்.

ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் முடிந்தது. நாலாவது தாளில் அந்த இரட்டை வட்டம். விதிப்படி மறுபடி கூட்டினேன். இடிக்கவில்லை. திரும்பக் கூட்டினேன். மொத்த நீளம் அவள் போட்டதுதான் சரி. கடல் பக்கத்துச் சுவரை மட்டும் அவள் ஒன்றரைக் கல் கனத்தில், பதிமூன்றரை அங்குலமாக வரைந்திருந்தாள், உப்புக் காற்றுக்காக. நான் எல்லாச் சுவர்களையும் ஒன்பது அங்குலம் என்று வைத்துக் கூட்டியிருக்கிறேன். அந்த நாலரை அங்குலம் என்னுடையது.

சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னேன். "நாலாவது ஷீட்டுல நான் ரெண்டு வட்டம் போட்டேனே, அது தப்பு. உன் கூட்டல் சரி."

அவள் வந்து மேஜைமேல் குனிந்தாள். சிவப்பு வட்டத்துக்குள் நான் போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள். "அன்னிக்கே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, இன்னும் எத்தனை ஷீட் இருக்கு என்று கேட்டாள். ஏழு என்றேன். தலையாட்டிவிட்டு, கை கால் கழுவப் போனாள்.